சோப்பு மணத்த கன்று

காலை ஏழு மணிக்குப் பிறந்த கன்று, பத்தாகியும் ஒரு சொட்டுச் சீம்பால் குடிக்கவில்லை. நர்ஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடையாய் நடந்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பிரசவம் பார்த்த கை. வீட்டுப் பசுவின் தலைப்பிரசவத்தில் அந்தக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியதாயிற்று.

பசுவோ யார் பெற்ற பிள்ளையோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கன்று தள்ளாடித் தள்ளாடி மடிக்குப் போனால் உதைதான். கறந்து புட்டியில் கொடுக்கலாமென்று கணவர் உட்கார்ந்தார். பாத்திரம் ஒரு பக்கம் உருண்டது, அவர் ஒரு பக்கம் உருண்டார்.

நர்ஸ் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"காலைக் கட்டிப் பார்த்தீங்களா?" என்றார் அவர்.

"பார்த்தாச்சு டாக்டர். பாலை அடக்கிக்கிட்டு விடமாட்டேங்குது. கன்னு துவண்டு போச்சு."

"கன்னை நக்கிவிட்டுச்சா?"

"நக்க என்ன இருக்கு? பொறந்த உடனே நானே வெந்நீர்ல சோப்புப் போட்டு, பளபளன்னு குளிப்பாட்டிட்டேனே!"

மறுமுனையில் டாக்டரின் குரல் உயர்ந்தது.

"ஏம்மா, மோந்து பார்த்துத்தானே அது தன் கன்னைக் கண்டுக்கும்? நஞ்சுக்கொடி விழுந்துடுச்சா?"

"இன்னும் தொங்குது."

"கன்னை ஈரத்துணியால நல்லாத் துடைங்க. அப்புறம் அந்தக் கொடியில இருக்கிற வழுவழுப்பை வழிச்சு உடம்பு பூராப் பூசுங்க. சீக்கிரம்!"

கணவர் ஈரத்துணியோடு ஓடிவந்து கன்றைத் துடைத்தார். தன் சுத்தமே ஒரு சின்ன உயிருக்கு எமனாக வந்ததே என்று நர்ஸ் பதறினாள். கையுறை தேடவில்லை. முழங்கைவரை சளியும் ரத்தமுமாக வழித்து, கன்றின் முதுகிலும் முகத்திலும் வாலடியிலும் அப்பினாள். இரண்டு பேருமாகத் தூக்கிப் பசுவின் மூக்கடியில் நிறுத்தினார்கள்.

பசு மோந்தது. பின்வாங்கியது. மறுபடி மோந்தது. தொண்டைக்குள் ஏதோ முனகியபடி ஒரு நக்கு நக்கியது. பிறகு நிறுத்தவேயில்லை. கன்று முட்டி மோதி ஒரு காம்பைப் பிடித்தது. கடைவாயில் மஞ்சளாக நுரை வழிந்தது.

அதைத் துடைத்துவிட நர்ஸின் கை தன்னையறியாமல் நீண்டது. பசு தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. சாணியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அடிபட்டுடுச்சா?" என்று ஓடிவந்தார் கணவர்.

"படட்டும்," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தபடி. "கிட்ட போகாதீங்க. இனிமே அது யாரையும் விடாது."