அம்மனிடம் வாங்கிய வலி

செண்பகவல்லி கடைசியாக, எந்த நாளையும் போலச் செய்த காரியம், காலையில் அடுப்பங்கரைச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, வலது காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் படும்படி நின்று முப்பது எண்ணியது. பதினேழில் நான் குறுக்கிட்டு, பால்காரர் வந்தாரா என்று கேட்டேன்.

"கணக்கு தப்பிரும், இருங்க."

முப்பது முடித்துவிட்டு, "இன்னும் வரல" என்றாள். அன்று மதியம் நெஞ்சுவலியில் என் மனைவி போய்விட்டாள். 1987, தை மாதம். அந்த முப்பது எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

அதற்கு நாலு வருஷம் முந்தி ஆடியில், தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் அவள் நூற்றெட்டுச் சுற்று சுற்றினாள். எங்கள் சங்கரன்கோவிலில் கோமதியம்மன், தபசு அன்று சாமி காட்சி கொடுக்கும்வரை, ஒற்றைக்காலில் தவம் நிற்கும் நாட்கள் அவை. கோயிலைச் சுற்றுகிறவர்கள் அம்மனின் கால்வலியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. மறுநாள் காலை பாயைவிட்டு எழுந்து காலை ஊன்றியவள், "ஆத்தா!" என்று உட்கார்ந்துவிட்டாள். குதிகாலில் ஆணி ஏறினாற்போல் இருந்ததாம். முகத்தில் மட்டும் சந்தோஷம்.

"வாங்கிட்டேங்க" என்றாள்.

ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று. வலி போகவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் அவள் சமையல் பார்த்தாள். வலது காலைத் தூக்கிக்கொண்டே அடுப்பின் முன் நிற்பாள். கூட வேலை செய்த மாரித்தாய் விடமாட்டாள்.

"ஏ மதினி, கோயில்ல ஒரு தபசு பத்தாதா? இங்கன வேற ஒண்ணா?"

மாரித்தாயே செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலை பரப்பி, குதிகாலை வைக்கச் சொன்னாள். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். விரட்டினால் வலி வந்த இடத்துக்கே, அம்மன் காலுக்கே, திரும்பிவிடுமாம். கார்த்திகையில் சத்துணவு அமைப்பாளர் சொல்லிவிட்டார், தை பிறந்தும் நிற்க முடியாவிட்டால் வேறு ஆள் போடவேண்டியிருக்கும் என்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அங்கே சாப்பிட்ட எண்பது பிள்ளைகளில் யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வெளியூர்க்காரர்.

"கீழே விழுந்தீங்களாம்மா?"

"இல்ல சார். வாங்கினது."

"யார்கிட்ட?"

"கோமதியம்மாகிட்ட."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மருந்து கட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர் மைதீன், கடையநல்லூர்க்காரர், தலையைத் தூக்கினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? தபசு அன்னைக்கு சாமி காட்சி குடுத்தாச்சுல்லா?"

"ஆமா."

"அப்பமே அம்மா காலைக் கீழ ஊனிட்டாங்கல்லா?"

"ஆமா..."

"பெறவு கார்த்திக வரைக்கும் நீங்க யாரு வலியச் சுமக்கிய?"

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். என் பக்கம் திரும்பி, "தாலுகா ஆபீஸ்ல பேனா பிடிக்கிய, உங்களுக்கு இது தோணலையே!" என்றாள்.

குதிகாலில் ஊசி போடலாம், அதைக் கடைசியாக வைத்துக்கொள்வோம் என்றார் டாக்டர். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நிற்காமல் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடவேண்டும். படுக்கையைவிட்டு எழுமுன் பாதத்தில் துண்டை மாட்டி இழுக்கவேண்டும். பிறகு சுவரில் கை ஊன்றி முப்பது. செங்கல்லைப் பற்றிக் கேட்டதற்கு, "சூடு பாத்து வைங்க" என்று மட்டும் சொன்னார். சமையல் கூடத்தில் செருப்பா என்று முகம் சுளித்த அமைப்பாளரிடம் டாக்டர் சீட்டைக் காட்டினேன். தையில் அவள் இரண்டு காலிலும் நின்றாள். பங்குனி கடைசியில் வலி அற்றுப்போயிற்று. ஊசி தேவைப்படவில்லை. அடுத்த ஆடியிலிருந்து பதினொரு சுற்றோடு நிறுத்திக்கொண்டாள்; காலை முப்பதை மட்டும் விடவில்லை. அவளுக்குத் திரும்ப வலி வரவே இல்லை.

அவள் இறந்த வருஷம் ஆடியில் நூற்றெட்டும் நான் சுற்றினேன். மறுநாள் காலை பாயில் உட்கார்ந்து, மெல்லக் காலை ஊன்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இப்போதும் ஆடிதோறும் சுற்றுகிறேன், மறுநாள் ஊன்றிப் பார்க்கிறேன். எனக்கு இன்றுவரை குதிகால் வலித்ததில்லை.