சைரன் ஊத வேண்டாம்

குளிர்பெட்டியின் வயர் சுவரிலிருந்த பிளக்குக்கு எட்டவில்லை. பெட்டியைக் கொண்டுவந்த ஆள் வயர் நுனியைக் கையில் பிடித்தபடி, "எக்ஸ்டென்ஷன் இருக்காம்மா?" என்று கேட்டான். வீட்டின் பெரிய மகளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கக்கூடாது என்பது உத்தரவு. உத்தரவு போட்டவர் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"பெட்டியைத் தள்ளிப் போடுங்க. வயரை இழுக்காதீங்க," என்றாள்.

நாலு பேர் சேர்ந்து பெட்டியைச் சுவரோரமாக நகர்த்தினார்கள். கண்ணாடிக்குள் அப்பாவின் தலை லேசாக ஆடி நின்றது. மோட்டார் உறும ஆரம்பித்தது. அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் இன்னும் அழவில்லை. எல்லாரும் அதைப் பற்றித்தான் தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

தெருக்கோடியில் இருக்கும் எரிபொருள் கிடங்கில்தான் அப்பாவுக்கு வேலை. பாதுகாப்புப் பிரிவு. வீட்டு வாசலில் நின்றாலே மதில் சுவருக்கு மேல் வெள்ளைத் தொட்டிகளின் தலை தெரியும். ஆயுளில் பாதியைப் பெட்ரோலுக்கு நடுவில் கழித்த மனிதர், முந்தின நாள் சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். தம்ளர்கூடக் கீழே விழவில்லை. பெரியவள் அழகு நிலையத்தில் ஒருத்திக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இளையவளுக்கு நிறைமாதம், பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, கட்டிக்கொண்டு அழவும் கணக்காய் வேலை பார்க்கவும் பெரியவள் ஒருத்திதான். அவள் வேலையைப் பார்த்தாள்.

தெருவில் அப்பாவுக்குப் 'புரளி' என்று பெயர். யாரோ கிரகப்பிரவேசம் வைத்திருந்த நாளில், பெட்ரோல் வாசம் வருகிறது என்று சொல்லி, இலையில் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் கையைக்கூடக் கழுவவிடாமல் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். கடைசியில் பார்த்தால், யாருடைய ஸ்கூட்டரிலோ டியூப் ஒழுகிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அவர் தலை தெரிந்தால் போதும், "என்ன சார், இன்னைக்கு எங்க ஓடணும்?" என்பார்கள். அவரும் சளைக்காமல், "காத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்," என்பார்.

காற்றைப் பார்க்க மொட்டைமாடியில் ஒரு கம்பம் நட்டிருந்தார். அதன் உச்சியில் அவருடைய பழைய யூனிஃபார்ம் சட்டையின் ஒரு கை. தோள்பக்கம் கம்பி வளையத்தில் தைத்து, மணிக்கட்டுப் பக்கம் திறந்து விட்டிருந்தது. தைத்துக் கொடுத்தவள் அம்மா. பொத்தானை எடுக்க மறந்துபோய், அது இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது.

அந்தச் சட்டைக் கைமேல்தான் சித்தப்பாவின் கண் முதலில் விழுந்தது.

"சாவு வீட்டுல கந்தலைத் தொங்கவிட்டிருக்கு. நாலு பேர் வர்ற இடம். நான் ஏறி அவுத்துட்டு வரவா?"

"இருக்கட்டும் சித்தப்பா."

"எங்க அண்ணன் இருந்தவரைக்கும் ஆட்டினது போதாதா? இன்னும் எதுக்கு?"

"இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

பத்து மணிவாக்கில் கிடங்கிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். அப்பாவோடு சேர்ந்து வேலைக்குச் சேர்ந்தவர். பெரியவள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மாலையை வைத்துவிட்டு, அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

"பசங்க எல்லாம் ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. வண்டி கிளம்புற நேரத்துல, அவருக்கு மரியாதையா, நம்ம சைரனை ஒரு நிமிஷம் ஊதலாம்னு. மேலயும் சரின்னுட்டாங்க."

அம்மாவின் முகம் நிமிர்ந்தது. நேற்றிலிருந்து அந்த முகத்தில் முதன்முறையாக ஏதோ ஓடியது. "ஊருக்கே கேக்கும் இல்ல?" என்றாள்.

"கேக்கும்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும்."

"வேணாம் மாமா," என்றாள் பெரியவள்.

தன் வாயிலிருந்து அது அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதில் அவளுக்கே திகைப்பு. ஆனால் அவளால் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது. முன்பு ஒரு தடவை, ஓய்வு பெற்றுப்போன பெரிய அதிகாரி ஒருவரை வழியனுப்ப சைரன் ஊதினார்கள். அன்றைக்கு அப்பா ஆபீசில் கத்திய கத்தலில் தன் வேலைக்கே உலை வைத்துக்கொள்ளப் பார்த்தார். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. 'ஒரு தடவை சும்மா ஊதினா, அடுத்த தடவை ஊதறப்போ சும்மான்னுதான் நினைப்பாங்க' என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பா ஒத்துக்க மாட்டார்," என்றாள்.

"செத்தவன்கிட்ட ஒப்புதல் வாங்கணுமாக்கும்," என்றார் சித்தப்பா. "ஊரு முழுக்கக் கேலி பண்ணின மனுஷனுக்கு ஒரு மரியாதை பண்றோம்னு வர்றாங்க. இவ வேணாங்கறா. நெஞ்சு என்ன கல்லா?"

சூப்பர்வைசர் அம்மாவையும் பெரியவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "சரிம்மா. ஊத மாட்டோம்," என்று பெரியவளிடம் சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில், இன்றைக்குப் பெட்ரோல் வருகிறது, குழாய் வழியாகத் தொட்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் எல்லாராலும் வர முடியாது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அம்மா பெரியவளைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மதியம் தாண்டியது. அமரர் ஊர்தி வந்து வாசலில் நின்றது. பின்கட்டில் பக்கத்து வீட்டுக்காரி பெரிய பாத்திரத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பந்தல் நாற்காலிகளில் ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில், பசி, தூக்கம் எல்லாம் சேர்ந்த நேரம்.

அப்போதுதான் சைரன் ஊதியது.

முதலில் சித்தப்பா கையில் சிகரெட்டோடு எழுந்து நின்றார். "பாத்தியா, இவளைக் கேக்காமலே ஊதிட்டாங்க. நன்றி உள்ள பசங்க," என்றார். அவரைப் பார்த்து மளிகைக்கடைக்காரர் எழுந்தார். பிறகு பந்தலே எழுந்தது. அப்பாவைப் புரளி என்று கூப்பிட்ட அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மௌனமாக நின்றார்கள். உள்ளே அம்மா பெட்டிமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். "கேக்குதாங்க... உங்களுக்குத்தான்... கேக்குதா..."

ஒரு மூச்சு நேரம் பெரியவளும் நம்பிவிட்டாள். நம்ப அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆனால் சைரன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறி இறங்கினால் நிஜ ஆபத்து. ஒரே சீராக நீண்டால் ஆபத்து நீங்கிவிட்டது. மாதாமாதம் ஒத்திகைக்கு இரண்டையும் ஊதுவார்கள். தெருவில் யாரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை. அழுகை மாதிரி இருக்கட்டும் என்று நினைத்து எவனாவது ஏற்றி இறக்கி ஊதுகிறானோ? வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். டீ வாசம்தான் வந்தது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிணத்தைப் போட்டுவிட்டுத் தெருவை ஓடவைத்த குடும்பம் என்று பேர் வரும். அப்பா போகும்போதும் புரளியாகவே போவார். அம்மா அவளை மன்னிக்கவே மாட்டாள்.

மாடியை அண்ணாந்து பார்த்தாள். சட்டைக் கை கொஞ்சம்தான் தூக்கியிருந்தது. அது கிடங்குக்கு எதிர்ப்பக்கமாக நீண்டிருந்தது. தொட்டிகளின் மேலிருந்து காற்று மெதுவாக இந்தத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது.

வேண்டாம் என்று அவள் சொன்னாள். சரி என்று அவர் சொன்னார். அப்படியென்றால் இது அப்பாவுக்காக அல்ல.

"எல்லாரும் எழுந்துட்டீங்க இல்ல?" என்று பந்தலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "அப்படியே நடங்க. மேட்டுச் சந்து வழியா மைதானத்துக்கு. வந்த வழியில யாரும் திரும்பாதீங்க. சித்தப்பா, சிகரெட்டை மிதிங்க."

"உனக்குப் பைத்தியமா?"

"ஆமா. மிதிங்க."

அவள் குரலில் எதையோ கேட்டுச் சித்தப்பா மிதித்தார். அவள் பின்கட்டுக்கு ஓடி அடுப்பை அணைத்தாள், சிலிண்டரைத் திருகி மூடினாள். பக்கத்து வீட்டுக்காரி கரண்டியோடு வாய் பிளந்து நின்றாள். திரும்பி வரும்போது ஊர்தியின் டிரைவர் கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தான்.

"வயசானவங்களை எல்லாம் ஏத்திக்கறேன் அக்கா, ரெண்டு நிமிஷத்துல கொண்டுபோய்..."

"சாவியைத் திருகாதீங்க!" அவள் போட்ட கூச்சலில் அவன் கை அப்படியே நின்றது. "பெட்ரோல் ஆவி மேல போகாது, தரையோட தவழ்ந்து வரும். இஞ்சின்ல ஒரு பொறி போதும். இறங்குங்க. யாரும் எந்த வண்டியையும் தொடக்கூடாது. நடக்க முடியாதவங்களைத் தூக்கிக்கங்க."

அவன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

வாசம் வருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். வந்த பிறகு சுவிட்சையே தொடக்கூடாது. மெயின் சுவிட்ச் கூடத்துக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதைக் கீழே இழுத்தாள். குளிர்பெட்டியின் உறுமல் நின்றது. வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. அம்மா தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்டி அணைச்சே?"

"அம்மா, எழுந்திரு. போகணும்."

"அவரைத் தனியா போட்டுட்டா?"

"இது அப்பாவுக்கு ஊதலம்மா. நிஜம்."

அம்மா அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் இப்போதுதான் வந்து சேர்ந்த ஆறுதலைத் தன் கையாலேயே பிடுங்குகிறோம் என்று பெரியவளுக்குத் தெரிந்தது.

"நான் வரல. நீ போ. நான் அவர்கூட இருக்கேன்."

"அவருக்கு இனிமே மூச்சு வேணாம்மா. உனக்கு வேணும்."

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தைதான். ஆனால் அம்மா எழுந்தாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். அது அவளுக்கு யாரும் சொல்லாமலே வந்தது. வாசல் கதவையும் சாத்திவிட்டு, படியிலேயே நின்று கதவை ஒரு தரம் தொட்டாள். பிறகு பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேட்டுச் சந்தில் பாதி ஏறியபோது வாசம் வந்தது. பின்னாலிருந்து, காலடியிலிருந்து வந்தது. பெட்ரோல் பங்கில் வருகிற வாசம் இல்லை. கண் எரிந்தது, நாக்கில் இனித்தது. அதுவரை "புரளிக்குப் பொண்ணு தப்பாமப் பொறந்திருக்கா" என்று முனகிக்கொண்டு வந்த சித்தப்பா பேச்சை நிறுத்தினார். மளிகைக்கடைக்காரரின் வயதான தாயை முதுகில் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க எல்லாருக்கும் முன்னால் போனார்.

மைதானத்தில் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கிடங்கு முழுக்கத் தெரிந்தது. ஒரு தொட்டியைச் சுற்றிய தடுப்புச் சுவருக்குள் வெள்ளையாகத் தீயணைப்பு நுரை நிறைந்துகொண்டிருந்தது. சின்னச் சின்ன உருவங்கள் ஓடின. எந்த நேரமும் வெடிக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள், ஒருத்தரும் அதை வாயால் சொல்லவில்லை. ஊர்தி டிரைவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பெரியவளுக்கு மூடிய வீடும், நின்றுபோன பெட்டியும், உள்ளே ஏறும் வெப்பமும் தவிர வேறு நினைப்பில்லை.

வெயில் சாயும் நேரத்தில் மறுபடி சைரன் கேட்டது. இந்த முறை ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரே சீராக நீண்டது.

"இது?" என்றாள் அம்மா.

"முடிஞ்சுதுன்னு அர்த்தம்மா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, சைரன் ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பியபோது சூப்பர்வைசர் வாசலில் காத்திருந்தார். முழங்கால்வரை நுரை காய்ந்திருந்தது. அளவு காட்டும் கருவி சிக்கிக்கொண்டு, தொட்டி நிரம்பியதே தெரியாமல் வழிந்துவிட்டது என்றார். தடுப்புச் சுவர் தாங்கியது. ஆவி மட்டும் மதிலைத் தாண்டித் தெருச் சாக்கடைவரை வந்தது.

"ஒரு வண்டிகூடக் கிளம்பல," என்றார். "ஊத மாட்டோம்னு உன்கிட்ட வாக்குக் கொடுத்துட்டு..." என்று ஆரம்பித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உள்ள வாங்க மாமா. ஒரு கை பிடிங்க," என்றாள்.

பெட்டியிலிருந்து அப்பாவை எடுத்து ஊர்தியில் ஏற்றினார்கள். கண்ணாடியில் உள்பக்கம் வியர்த்திருந்தது. அம்மா அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, பக்கத்திலேயே ஏறிக்கொண்டாள். சித்தப்பா யாரையும் பார்க்காமல் கால்மாட்டில் உட்கார்ந்தார். பெரியவள் முன்னால் ஏறினாள்.

டிரைவர் பையிலிருந்து சாவியை எடுத்துப் பொருத்தினான். திருகவில்லை. அவளைப் பார்த்தான்.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மாடியைப் பார்த்தாள். காற்று திரும்பியிருந்தது. சட்டைக் கை நிறைந்து, கிடங்குப் பக்கமாக நீண்டு நின்றது.

"எடுங்க," என்றாள்.