ஆடு தின்ற வளையங்கள்

ஜப்பானில் எங்கள் ஐசு மலைப் பக்கம் பெண் பிறந்தால் அப்பன்காரன் தோட்டத்தில் ஒரு கிரி மரம் நடுவான். அவளுக்குக் கல்யாணம் கூடி வந்ததும் அதை வெட்டி இழுப்பறைகள் வைத்த சீர்ப்பெட்டி செய்து கூடவே அனுப்புவான். ஊருக்கெல்லாம் இவ்வளவுதான் வழக்கம். என் அப்பா கிசாகு மட்டும் இதோடு ஒரு வைக்கோல் கயிற்றையும் சேர்த்துக்கொண்டார்.

ஷுஜிரோ என்னைப் பெண் கேட்டு வந்த அன்று அப்பா மரத்தைச் சுற்றி அந்தக் கயிற்றைப் பிடித்தார். முனைகள் தாராளமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

"மரம் பெருத்து இந்தக் கயிறு எட்டாம போகட்டும் மாப்ளே. அப்பத்தான் கல்யாணம்."

"அதுக்கென்ன மாமா, கிரி மரம் மளமளன்னு பெருத்துடுமே!" என்று சொல்லிவிட்டு, ஊற்றிக் கொடுத்த சாகே என்ற அரிசி மதுவையும் குடித்துவிட்டுப் போனார் அந்த அப்பாவி மனுஷன்.

மூன்று கோடை போயிற்று. மரம் அசைந்து கொடுக்கவில்லை. நான் சும்மா இருப்பேனா? மீன் குடல், அடுப்புச் சாம்பல், சாகே வடித்த சக்கை, சொல்லக் கூச்சப்படும் வேறு சிலதும் வேரில் கொட்டினேன். ஷுஜிரோ அணைக்கட்டு வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஒரு கூடை மீன் தலை கொண்டுவருவார். காதலிக்கு மீன் தலை கொடுத்த ஆள் எங்கள் பள்ளத்தாக்கிலேயே அவர் ஒருத்தர்தான். இலைகள் முறம் முறமாகத் துளிர்க்கும். கோடை நடுவில் பார்த்தால் பாதியைக் காணோம். "பூச்சிம்மா, பூச்சி" என்று உச்சுக் கொட்டுவார் அப்பா. பாலுக்கென்று அவர் புதிதாக வாங்கிய ஆடு மட்டும் உருண்டு திரண்டது.

அந்த இலையுதிர் காலத்தில் ஷுஜிரோ முகம் தொங்க வந்தார். "அணை வேலை முடிஞ்சுது, மசுயோ. பனி மூடறதுக்குள்ள வடக்கே ஹொக்கைடோவுக்குப் போகச் சொல்லிட்டாங்க. கயிறு இன்னும் ஒரு சாண் மிச்சமிருக்கு."

தனியாகப் போய்விடுவார்! எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! அப்பா அன்று கூட்டாளிகளோடு வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்தார்.

"ரம்பத்தை எடுங்க" என்றேன்.

ஆளுக்கொரு முனையில் இழுத்தோம். பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவரையும் தொற்றிக்கொண்டது. மரம் தடாலென்று விழுந்தது. அம்மா ஓடிவந்து, "அடிப்பாவி!" என்றாள், பிறகு தானே போய்ப் பெட்டி செய்யும் கென்பெய்யைக் கையோடு கூட்டிவந்தாள்.

சாயங்காலம் அப்பா வேகவைத்த ஆக்டோபஸ் மாதிரி சிவந்துபோய், பாடிக்கொண்டே வந்தார். மரத்தைப் பார்த்ததும் பாட்டு நின்றுவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் கென்பெய் வெட்டுமுகத்தை ஈரத்துணியால் துடைத்து விரலை வைத்தார்.

"நடுவுல பாரு கிசாகு. வளையம் ஒவ்வொண்ணும் விரல் மொத்தம். நல்ல தீனி, நல்ல வெயில். இப்ப ஓரத்துக்கு வா. கடைசி மூணும் நூல் நூலா இருக்கு. பட்டினி!"

"மழை சரியில்லையோ என்னமோ" என்று முனகினார் அப்பா.

"என் தோட்டத்துக் கிரி அதே மூணு வருஷமும் கொழுத்துல்ல கிடக்கு? இலைதான்யா மரத்துக்கு வாய். யாரோ அதைப் பிடுங்கியிருக்காங்க."

அந்த நேரம் பார்த்து ஆடு வந்தது. கண்ணெதிரே கிளை நிறைய இலை கிடக்க, அதைத் தொடவில்லை. நேரே அப்பாவிடம் போய், அவர் கையை முட்டி, ஊட்டிவிடச் சொல்லிக் கத்தியது.

"ஏங்க, விடியக்காலையில புல்லறுக்கப் போறேன்னு போவீங்களே..." என்று இழுத்தாள் அம்மா.

அப்பா மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆமா, இலையைத்தான் அறுத்தேன். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. மரம் பெருத்தா இவ போயிடுவா. அதான்."

நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது, பின்னாலேயே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அட முட்டாளே!" என்று அப்பாவின் முதுகில் ஓங்கித் தட்டினார் கென்பெய். "இதுங்க கொட்டின தீனிக்கு மரம் முள்ளங்கியாட்டம் ஊதியிருக்கும். நீ பட்டினி போட்டதாலதான் இந்த நெருக்கமான வளையம்! இழுப்பறை முகப்புக்கு இப்படி ஒரு பலகை கிடைக்காதான்னு நான் எத்தனை வருஷமா ஏங்கறேன் தெரியுமா? பலகை காயட்டும், பெட்டி பின்னால வரட்டும். பொண்ணை முன்னால அனுப்பு."

"அப்போ கயிறு?" என்றார் அப்பா.

"ஆட்டுக்குப் போடு."

போட்டார். அதையும் தின்றது.

பனி விழுவதற்கு முன்பே கல்யாணம் முடிந்து வடக்கே வந்துவிட்டோம். பெட்டி ரொம்ப நாள் கழித்து, எங்களுக்கு மகள் பிறந்த வாரம் வந்து சேர்ந்தது. இழுப்பறைகள் அத்தனை கச்சிதம்; ஒன்றை மூடினால், உள்ளே அடைபட்ட காற்று இன்னொன்றை வெளியே தள்ளும். ரயிலில் அதோடு வந்த அப்பா, ஈரச்சாக்கில் சுற்றிய கிரிக் கன்று ஒன்றையும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஷுஜிரோ குழி தோண்டிக் கன்றை நட்டார். உள்ளே வந்து மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கன்றையே வெகுநேரம் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"மாமா, ஒரு நல்ல ஆடு பார்த்து வாங்கிக் குடுக்கறீங்களா?"