கோட்டுப் பைக்குள் ஓர் ஆராதனை

எங்கள் தீவில் மொத்தமே பதினேழு பேர். போதகர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை படகில் வருவார், அதுவும் கடலுக்கு மனசு இருந்தால். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கப் புத்தகத்தை வாசிப்பது ரன்வாவின் வேலை, மணியடிப்பது என் வேலை. முப்பது வருடம் வாசித்த அவள் கணவர் சிக்வால்ட் போன வசந்தத்தில் இறந்துபோக, புத்தகம் அவள் கைக்கு வந்தது.

கைக்கு வந்ததே தவிர மனசில் ஒட்டவில்லை. ஆண்டவரும் சிக்வால்டோடு எழுந்து போய்விட்டார் போலிருக்கிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும் கோயில் காலியாகத் தெரிகிறதாம்.

அந்த அக்டோபர் ஞாயிறு, பனி கொட்டப்போகிறது என்று எச்சரிக்கை வந்ததால், நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஆடுகளை இறக்க மலையேறிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஆடு ஓட்டுவதா என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கிழடுகள் மூடுபனிக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டன.

"இன்னிக்கு யாரும் வரலைன்னா புத்தகத்தைப் போதகர்கிட்டயே குடுத்துடறேன், தூரித்," என்றாள் ரன்வா.

ஒருவரும் வரவில்லை. நான் இருந்தேன், மணியடிக்கிறவளை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? அவள் வாசிப்பு மேசையில் சாய்ந்து காலிப் பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆண்டவரே, நீர் இங்க இருக்கீரான்னு எனக்குத் தெரியல. மனசுல ஒண்ணும் தோணவும் இல்ல. ஆனா எப்பவும் கூட இருப்பேன்னு சொன்னது நீர்தான். அந்தச் சொல்லை நம்பி வாசிக்கிறேன். நீர் கேட்டா போதும்."

பிறகு வாசித்தாள். வழக்கமாக இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிடும் நான் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். கடைசிப் பாட்டை இரண்டு பேருமாகப் பாடினோம். என் குரலைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

மத்தியானம் மலையிலிருந்து முதலில் இறங்கி வந்தவர் ஹானுஸ். ஆடு ஓட்டுவதற்கு அவர்தான் தலைமை. நேரே ரன்வாவிடம் போய், உன் கோட்டுப் பையில் இருப்பதை எடு என்றார். அவள் எடுத்தது வாக்கி டாக்கி. மலையேறியவர்களிடமும் ஆளுக்கொன்று இருந்தது; ஆடுகள் இறங்கியதும் சூப்பைச் சூடாக்கச் சொல்லி அவர்கள் மேலிருந்து கூப்பிடுவதற்காக இவளும் ஒன்று வைத்திருந்தாள். அவள் மேசையில் சாய்ந்ததில் பேசும் பொத்தான் அழுந்திக்கொண்டுவிட்டது. ஒருவர் அழுத்தியிருந்தால் மற்ற எவரும் பேச முடியாது.

"முக்கால் மணி நேரம் எங்க வாயக் கட்டிப் போட்டுட்ட," என்றார் ஹானுஸ். "மூடுபனியில ஆளுக்கொரு பாறையடியில உக்காந்து கேட்டோம். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் பாடினோம். குரல் வந்த பக்கத்த வெச்சு யார் எங்க இருக்காங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

ரன்வாவின் முகம் சிவந்துவிட்டது. ஜெபத்தையும் கேட்டீர்களா என்றாள்.

ஹானுஸ் தொப்பியைக் கழற்றினார். "கேட்டோம். என் பொண்டாட்டி போனதுலேர்ந்து எனக்கும் அப்படித்தான் இருக்கு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துது."

அவள் அவருக்குச் சூப்பை ஊற்றினாள். "நீங்க கேக்கறது தெரியாததும் நல்லதுதான். தெரிஞ்சிருந்தா அவருக்கு இல்லாம உங்களுக்காக வாசிச்சிருப்பேன்," என்றாள்.

அடுத்த ஞாயிறு பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஐந்து வருடமாகக் கோயில் வாசல் மிதிக்காதவன்கூட முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ரன்வா வாக்கி டாக்கியை அணைத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"நீர் கேட்டா போதும்," என்று முணுமுணுத்தாள். இந்தத் தடவை அது எனக்கு மட்டும்தான் கேட்டது.