ஓட்டுக்கு விடாத நாற்காலி

பெரிய சிஸ்டர் நடத்திய காலத்தில் காலைக் கூட்டம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மனநல வார்டின் நீள அறையில் நோயாளிகள் சுவரோரமாக வரிசையாக உட்காருவார்கள். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க அவர் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று மூன்றே கேள்வி கேட்பார். தூங்கினாயா, சாப்பிட்டாயா, வயிறு போயிற்றா. மூன்றுக்கும் "ஆமா சிஸ்டர்" வந்தால் அடுத்த ஆள். "இல்லை" என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. ஆகவே அந்த வார்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். வீட்டுக்குத்தான் யாரும் போகக் காணோம்.

பெரிய டாக்டர் இதைப் பார்த்துவிட்டு, கூட்டத்தைச் சின்ன சிஸ்டரிடம் கொடுத்தார். அவள் பகலில் வார்டு, மாலையில் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தவள். வகுப்பில் தலைமை தாங்குகிறவர்களைப் பற்றி ஒரு பாடம் நடந்திருந்தது. உத்தரவு போடுகிறவர், கலந்து பேசுகிறவர், எப்படியோ போகட்டும் என்று விடுகிறவர். கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட புடவையை யோசிக்காமல் எடுத்துக்கொள்வதுபோல அவள் நடு வகையை எடுத்துக்கொண்டாள். பெரிய சிஸ்டர் மாதிரி மட்டும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

முதல் நாளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். "இனிமே எதுவா இருந்தாலும் கையத் தூக்கி முடிவு பண்ணலாம்" என்றாள். யாரும் நம்பவில்லை. ஆனால் டீயைக் கூட்டத்துக்கு முன்னால் குடிக்கலாமா என்று கேட்டபோது ஆறு கை உயர்ந்தது, டீயும் முன்னாலேயே வந்தது. பிறகு ஜன்னல் திறந்தது. டிவி அணைந்தது. இரவில் விளக்கு அணைத்த பிறகு வராந்தாவில் சத்தமாகப் பேசக் கூடாது என்று நர்ஸ்களுக்கே ஒரு சட்டம் போட்டார்கள். கையைத் தூக்கினால் காரியம் நடக்கிறது என்று தெரிந்ததும், முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சின்ன சிஸ்டருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு ரேடியோ என்று பெயர். பஸ் கண்டக்டர். வார்டுக்கு வந்த புதிதில் மூன்று நாள் தூங்காமல் பேசினவர். இப்போது மருந்தில் தூங்கினார். பேச்சும் எக்ஸ்பிரஸ் வேகத்திலிருந்து டவுன் பஸ் வேகத்துக்கு வந்திருந்தது. ஆனால் நிறுத்தத்தில் நிற்பதுதான் இன்னும் பழகவில்லை. "இந்த வாரம் கூட்டத்துல மத்தவங்களோட ஒத்துப்போய் உக்காந்துட்டார்னா சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி அன்றே அவருடைய சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். ரேடியோ இதை வார்டில் எல்லோரிடமும், சிலரிடம் பலமுறையும், சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் எழுந்தாள். முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள். துக்கம் மூடிக்கொண்டு படுக்கையை விட்டு எழாமல் கிடந்து, பிறகு வார்டுக்கு வந்தவள்.

"சிஸ்டர், ஒரு விஷயம் ஓட்டுக்கு விடணும்."

"தாராளமா, டீச்சர்."

"இவர வெளிய அனுப்பிடலாம். இவர் இருக்கிற வரைக்கும் இங்க வேற யாரும் பேச முடியாது."

ரேடியோ சிரித்தார். "டீச்சரம்மா, என்னை பெஞ்சு மேல ஏத்துங்க, வெளிய எதுக்கு அனுப்புறீங்க? எங்க டிப்போவுல ஒருத்தன்..."

"பாத்தீங்களா!" என்றார் எதிர் நாற்காலியில் இருந்த வெல்டர். "வாயத் திறந்தா டிப்போ."

சின்ன சிஸ்டருக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. ஆனால் எதுவானாலும் ஓட்டு என்று சொன்னது அவள்தான். சொன்ன சொல்லை அவளே மீறினால் நாளைக்கு யார் கை தூக்குவார்கள்? "சரி, கையத் தூக்குங்க" என்றாள்.

டீச்சர் தூக்கினாள். வெல்டர் தூக்கினார். வந்த நாளிலிருந்து வாய் திறக்காத தையல்காரர், வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தூக்கினார். மற்ற இருவரும் தூக்கினார்கள். கடைசியாக ரேடியோவும் தன் கையைத் தூக்கினார்.

"நீங்க எதுக்கு?" என்றாள் சின்ன சிஸ்டர்.

"எல்லாரும் ஒரு பக்கமா ஏறினா நானும் அந்தப் பக்கந்தான் சிஸ்டர். எனக்காக வண்டி நிக்கக் கூடாதுல்ல." சிரித்துக்கொண்டே எழுந்து போய்க் கதவை மெதுவாகச் சாத்தினார்.

அன்று மிச்ச நேரத்தில் யாரும் பேசவில்லை. ரேடியோதான் தடை என்றால், அந்தத் தடை போன பிறகு பேச்சு பொங்கி வந்திருக்க வேண்டும். வட்டத்தில் ஆளுக்கு ஆள் தங்கள் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வரை ரேடியோ கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாப்பாட்டுக்கு எழவில்லை. "நுணலும் தன் வாயால் கெடும்" என்றார் பெரிய சிஸ்டர். பிறகு சின்ன சிஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். "நான் நடத்தினப்போ யாரும் பேசல, ஒத்துக்கறேன். ஆனா யாரையும் வெளிய தள்ளல பாத்துக்கோ."

சின்ன சிஸ்டர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரோ ரேடியோவின் முதுகைப் பார்த்துவிட்டு, "ஆறு பேர் கூட்டத்துலயே வெச்சுக்க முடியலன்னா வீட்ல எப்படி வெச்சுக்குவாங்க? சனிக்கிழமை வேண்டாம். மருந்தக் கூட்டிப் பாக்கலாம்" என்றார்.

"டாக்டர், நாளைக்குக் கூட்டத்தப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றாள் சின்ன சிஸ்டர்.

"நாளைக்கு என்ன மாறிடும்?"

"அவர் மாற வேண்டியதில்ல டாக்டர். நான் நடத்துற விதத்த மாத்தணும்."

டாக்டர் பேனாவை மூடினார். "சரி. நானே வந்து பாக்குறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எதை மாற்றுவது என்று அவளுக்கே தெரியவில்லை. மாலை வகுப்பில் கையைத் தூக்கி, "கலந்து பேசி எடுத்த முடிவே தப்பா இருந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டாள். வகுப்பெடுத்தவர் கடிகாரத்தைப் பார்த்து, "நல்ல கேள்வி" என்றார். அதோடு வகுப்பு முடிந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி அவள் அந்த ஆறு கைகளையும் ஒவ்வொன்றாக யோசித்தாள். தையல்காரரின் கை. அவர் டீச்சரைப் பார்க்கவில்லை, ரேடியோவையும் பார்க்கவில்லை. யார் யார் தூக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தார். எண்ணிப் பார்த்துவிட்டுத் தூக்கிய கை அது. அவளுக்குச் சட்டென்று விளங்கியது. அது சம்மதம் இல்லை, பயம். நாளைக்கு யாரை வேண்டுமானாலும் வெளியே அனுப்பலாம் என்றால், அந்த வட்டத்தில் யார் மனசைத் திறப்பார்கள்? எதிலும் தன்னையே சந்தேகித்துப் பழகியவள், இந்த ஒன்றில் மட்டும் சந்தேகப்படவில்லை.

புதன்கிழமை காலை நேராக ரேடியோவின் கட்டிலுக்குப் போனாள். "எழுந்திருங்கண்ணே. கூட்டம்."

"ஓட்டு போட்டாச்சேம்மா."

"அந்த ஓட்டு செல்லாது. அத நடத்தினதே என் தப்பு. வாங்க."

அவர் வந்ததும் வட்டம் இறுகியது. சின்ன சிஸ்டர் நின்றபடியே பேசினாள். "இந்த அறையில எத வேணும்னாலும் ஓட்டுக்கு விடலாம். யார் உக்காரலாம்கிறத மட்டும் விட முடியாது. அது என் வேலை. இங்க வந்தவங்க யாரையும் வெளிய அனுப்ப மாட்டேன். இவரையும், உங்களையும்."

"அப்ப நீங்களும் பெரிய சிஸ்டர்தான்" என்றாள் டீச்சர்.

"இந்த ஒரு விஷயத்துல ஆமா, டீச்சர்." சின்ன சிஸ்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இவர் பேச்சு தாங்க முடியலங்கறது நிஜம். அத எப்படிச் சமாளிக்கலாம்னு நீங்கதான் சொல்லணும், இவரையும் வெச்சுக்கிட்டு."

அதற்குமேல் வாயை மூடிக்கொண்டாள். உதவிக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றியது. வெல்டர் கால் மாற்றிப் போட்டார். யாரோ இருமினார்கள்.

"நான்..." என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரர். "நேத்து நானும் தூக்கினேன். எனக்கு அவர் மேல ஒண்ணுமில்ல. தூக்கலன்னா அடுத்தது நான்தானோன்னு... நான் பேசவே மாட்டேங்கறேனே, என்னையும் அனுப்பிடுவீங்களோன்னு."

"அட, உங்கள யாருய்யா அனுப்புவா?" என்றார் வெல்டர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எனக்கு வர்ற கோவத்துக்கு என்னைத்தான் முதல்ல அனுப்பணும்."

டீச்சர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "சத்தமெல்லாம் ஒரு சாக்கு" என்றாள் கடைசியில். "தினமும் காலையில கேக்கறார், டீச்சரம்மா, உங்களப் பாக்க உங்க புள்ளைங்க வந்தாங்களான்னு. வரலைன்னு தினமும் ஆறு பேர் முன்னால சொல்ல வேண்டியிருக்கு. அதான்."

ரேடியோவின் வாய் திறந்தபடி நின்றது. ஒரு சத்தமும் வரவில்லை. அந்த வார்டில் அது ஒரு சாதனை. "மன்னிச்சிருங்கம்மா" என்றார் பிறகு. "பஸ்ல ஏறுறவங்ககிட்ட எங்க போறீங்கன்னு கேட்டுக் கேட்டே பழக்கம். மனசில பட்டத நிறுத்தத் தெரியல. மணியடிச்சா நிப்பேன். ஒரு மணின்னா நிக்கணும், ரெண்டு மணின்னா போகலாம். வேற எதுக்கும் நின்னதில்ல."

"அப்ப மணியே அடிக்கலாம்" என்றார் வெல்டர், நாற்காலிக் கையில் விரலால் ஒரு தட்டு தட்டி. "இது போதுமா?"

"போதும் முதலாளி, போதும்."

இதை ஓட்டுக்கு விட்டார்கள். நிறைவேறியது. சோதித்துப் பார்க்க ரேடியோ தன் வண்டியை எடுத்தார். மழை நாளில் பஸ்ஸில் ஏறி, எங்கே இறங்குவது என்றே மறந்துபோய், கடைசி நிறுத்தம் வரை வந்துவிட்ட ஒரு பெரியவரின் கதை. கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குடை, குடையின் கம்பி, குடை விற்ற கடை என்று கிளை பிரிந்துகொண்டே போனபோது வெல்டர் ஒரு தட்டு தட்டினார்.

ரேடியோ நின்றார். பாதி வாக்கியத்தில், கை அந்தரத்தில் இருக்க, நின்றேவிட்டார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஆனாலும் நின்றார்.

இதற்குள் வாசலில் பெரிய டாக்டர் வந்து கதவில் கை வைத்தார். பெரிய சிஸ்டர் குறுக்கே நின்றார். "கூட்டம் நடக்குது டாக்டர். கண்ணாடி வழியா பாருங்க." டாக்டர் கையை எடுத்துக்கொண்டார்.

உள்ளே அமைதி நீண்டது. சின்ன சிஸ்டர் அதைத் தொடவில்லை. அப்போது டீச்சர் தன் நாற்காலிக் கையில் தட்டினாள். ஒன்று. கொஞ்சம் தயங்கி, இன்னொன்று.

"அந்தப் பெரியவர் என்ன ஆனார்?" என்றாள். "வீட்டுக்குப் போனாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. குடை வேண்டாம்."

அதே பஸ்ஸில் திரும்பி, ஏறிய நிறுத்தத்துக்கு எதிரே இருந்த வீட்டுக்கே போனார் என்று ரேடியோ சொன்னார். குடை இல்லாமல் சொன்னதால் சுருக்கமாகவே முடிந்தது. தையல்காரர் சிரித்தார். கண்ணாடிக்கு வெளியே பெரிய டாக்டர், "சனிக்கிழமையே போகட்டும்" என்று பெரிய சிஸ்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு நடந்தார்.

சனிக்கிழமை மனைவி வந்தாள். கொண்டுவந்த சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு, காலரைச் சரிசெய்தாள். அவரைப் பையை எடுக்க அனுப்பிவிட்டு, சின்ன சிஸ்டரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"வீட்ல மறுபடியும் பேச ஆரம்பிச்சா என்ன சிஸ்டர் பண்றது? முன்னால எல்லாம் போய் வாசல்ல நில்லுங்கன்னு கதவச் சாத்திடுவேன். ஊரே வேடிக்க பாக்கும்."

"போதும்னு தோணினா போதும்னு சொல்லுங்கக்கா. வெளிய போங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. தூங்காம பேசினார்னா அன்னைக்கே இங்க கூட்டிட்டு வந்துடுங்க."

"போதும்னா கேக்கணுமே இந்த மனுஷன்."

ரேடியோ பையோடு வந்து நின்றார். "கேப்பேன்டி" என்றார். "கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கேப்பேன்."

சின்ன சிஸ்டர் அவர்களோடு வார்டுக் கதவு வரை நடந்தாள். பிறகு திரும்பி, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணைக் கூட்டத்துக்கு அழைத்துவரப் போனாள்.