புள்ளி விழாத தெரு

நான்காம் வட்டாரத்தின் வரைபடத்தில் ஒரு தெரு மட்டும் வெள்ளையாக இருந்தது.

மற்ற தெருக்கள் எல்லாவற்றிலும் புள்ளிகள். வண்டி நகர நகர நொடிக்கு ஒரு புள்ளி விழும். சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை, இழுபறி என்றால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சிவப்பு. வண்டியின் பின்சீட்டில் ஒரு பலகை. அதில் மூன்று போன்களைப் பூட்டியிருப்பார்கள். நீலம், ஆரஞ்சு, ஊதா என்று மூன்று கம்பெனிகளின் சிம்கள். மூன்று போன்களும் ஓயாமல் ஒரே ஃபைலை டவுன்லோடு செய்துகொண்டே ஊரைச் சுற்றும். சாயங்காலம் பதிவுகள் அலுவலகத்துக்கு வந்து சேரும். எந்தக் கம்பெனி எங்கே எடுக்கிறது, எவ்வளவு வேகம், எந்தப் பிளான் கட்டுப்படியாகும் என்று அட்டவணை போடுவது அவள் வேலை.

இயற்பியல் படித்தவள். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ‘சயின்ஸு’. வாயைத் திறந்து ‘அப்படிக் கூப்பிடாதீங்க’ என்று சொல்ல வராததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த முறை அட்டவணை ஒரு ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கு. நாற்பது வண்டிகள். ஓடும் வண்டியிலிருந்தே நோயாளியின் இதயத் துடிப்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கருவி ஒவ்வொன்றிலும் வரப்போகிறது. அதற்கு எல்லா வண்டிக்கும் ஒரே கம்பெனி சிம். எந்தக் கம்பெனி என்பதை இந்த அறிக்கை சொல்லும். அறிக்கையின் அடியில், முதல் முறையாக, அவளுடைய கையெழுத்து.

ஊதா போட்டியிலேயே இல்லை. எடுக்கிற இடத்தில் புலி, எடுக்காத இடத்தில் எலி. மீதி இரண்டுக்கும் நடுவே மயிரிழைதான். நீலம் 98.2 சதவீதம், ஆரஞ்சு 98.0. பிளானைப் பார்த்தால் நீலத்தில் நாற்பது வண்டிக்கும் பொதுவான டேட்டா. ஆரஞ்சில் ஒவ்வொரு வண்டிக்கும் தனி அளவு, தாண்டினால் வேகம் குறையும். ஆக, நீலம்தான். மேனேஜர் ஏற்கெனவே வாழ்த்துச் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த வெள்ளைத் தெரு அவள் கண்ணில் தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

டிரைவரை எல்லோரும் ‘ரிவர்ஸ்’ என்பார்கள். எவ்வளவு குறுகலான சந்தாக இருந்தாலும் நேராக உள்ளே விட்டு, திருப்ப இடமில்லை என்றால் அதே வேகத்தில் பின்னாலேயே வெளியே வருகிற ஆள். அப்படிப்பட்டவர், லாரியே போகக்கூடிய ஒரு தெருவை விட்டுவிட்டார். ஒருநாள் என்றால் மறதி. மூன்று நாளும் என்றால்?

அவள் மூலப் பதிவைத் திறந்தாள். மூன்று நாளும் வண்டி அந்தத் தெருமுனைவரை போயிருக்கிறது. நின்றிருக்கிறது. பிறகு இடது பக்கம் திரும்பிவிட்டது. முதல் நாள் நாற்பது நொடி, இரண்டாம் நாள் ஒன்றரை நிமிடம், மூன்றாம் நாள் நான்கு நிமிடம்.

யாருக்காகவோ காத்திருந்த மாதிரி இருந்தது.

போன வாரம் பார்த்த ஒன்று அப்போது ஞாபகத்துக்கு வந்தது. நீலக் கம்பெனியின் விற்பனை ஆள், கழுத்தில் எப்போதும் நீல டை கட்டியிருப்பவன், ரிவர்ஸ் அண்ணனோடு டீக்கடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அன்று அது டீ. இன்று அது சாட்சி.

மறுநாள் காலையில், யாரும் வருவதற்கு முன்னால், பலகையில் ஆரஞ்சு போனையும் ஜன்னலோரம் இருந்த நீல போனையும் இடம் மாற்றி வைத்தாள். ஜன்னலோரம் இருக்கிற போனுக்குச் சிக்னல் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அன்று மாலை வந்த எண்கள் மாறவில்லை. பலகையில் தில்லுமுல்லு இல்லை. இருந்தால் அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

“அண்ணே, நாலாம் வட்டாரத்துல ஒரு தெரு விட்டுப்போச்சு” என்றாள், வண்டி துடைத்துக்கொண்டிருந்தவரிடம்.

“எது?”

“குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னாடி.”

துணி ஒரு நொடி நின்றது. “அதுவா... அங்க ரோடு தோண்டிப் போட்டிருக்காங்கம்மா. வண்டி போகாது.”

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, முனையில் நின்று எட்டிப் பார்த்தாள். ரோடு மொழுமொழுவென்று இருந்தது. ஒரு பள்ளம் கிடையாது.

பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இனி யார் தோண்டுவது என்பதுதான் கேள்வி. மறுநாள் மேனேஜரிடம் பட்டும் படாமலும் சொன்னாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “சந்தேகம்னா எழுதிக் குடு. அரை மணி நேரத்துல வேற டிரைவரைப் போட்டுடறேன். ஆனா அறிக்கை நாளைக்குச் சாயங்காலம் போயாகணும்.”

எழுதினாள். ஆறு வரி. அனுப்பாமல் வைத்தாள். தெருவைப் பார்க்காமல் ஒரு ஆளின் பிழைப்பில் கைவைக்க மனசு வரவில்லை; தெருவைப் பார்க்காமல் கையெழுத்துப் போடவும் மனசு வரவில்லை.

காலையில் போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

“என்ன சயின்ஸு, ஏசி ரூம் போரடிச்சிடுச்சா?”

“அந்தத் தெருவுக்குப் போலாம்ணே.”

“அங்க நாய்ங்க ஜாஸ்தி.”

“முந்தாநேத்து ரோடு தோண்டியிருக்குன்னீங்க.”

“தோண்டின இடத்துலதான் நாய் படுத்திருக்கு.” அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே இறங்கிவிட்டது.

முனையில் வண்டி நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம். இரண்டு. அவள் இறங்கி, பலகையிலிருந்து மூன்று போன்களையும் கழற்றிக் கைப்பையில் போட்டு, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தபடி நடந்தாள்.

ஒரு பக்கம் கிடங்கின் தகரச் சுவர், மூன்று மாடி உயரம். மறுபக்கம் வரிசையாக வீடுகள். இருபது அடி போனதும் நீலத்தின் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தெருவின் நடுவில் சுத்தமாக எதுவும் இல்லை. ஆரஞ்சு முக்கி முனகிக்கொண்டு ஓடியது. ஊதாகூட ஓடியது. அந்த வரைபடத்தில் இல்லாமல் போனால் நீலத்துக்கு லாபம் தரக்கூடிய ஒரே தெரு இதுதான். சந்தேகம் சரிதான்.

“யாரும்மா நீ?”

ஒரு வீட்டு கேட்டில், ஈரத்துணி வாளியோடு ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். “ஒரு கையில ஒண்ணு, பையில ரெண்டு. எத்தனை போனு? வீட்டை வேவு பாக்கறியா?”

“இல்லக்கா. சிக்னல் அளக்கறோம்.”

“அளக்கறதுக்கு என்ன இருக்கு? இங்க கிடையாது. ஒரு போன் பேசணும்னா மொட்டை மாடிக்கு ஏறணும், இல்ல முனைக்கு நடக்கணும்.” பிறகு முனைப்பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “அந்த வெள்ளை வண்டி உங்களுதா? நாலஞ்சு நாளா வந்து நின்னு நின்னு போகுதே.”

“ஆமாக்கா.”

“ஓட்டறது யாருன்னு தெரியுமா?”

“எங்க டிரைவர்.”

“எங்க வீட்டுச் சின்னவரு” என்றாள் அந்தப் பெண். “என் வீட்டுக்காரரோட கூடப்பிறந்த தம்பி. இந்தப் படி ஏறி ஆறு வருஷமாச்சு. போய்ச் சொல்லு, அண்ணி ஒண்ணும் கடிச்சுத் தின்னுட மாட்டேன்னு.”

அவள் திரும்பி நடந்தாள். வண்டியில் ஏறி, போன்களை ஒவ்வொன்றாகப் பலகையில் மறுபடி பூட்டினாள்.

“அண்ணியைப் பாத்தேன்” என்றாள்.

“தெரியும். இங்கருந்தே தெரிஞ்சுது.”

“நான் நீங்க நீல டைக்காரன்கிட்ட...” இழுத்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் முகம் கறுத்தது. “டீ வாங்கிக் குடுத்தான், குடிச்சேன். டீ என்ன கம்பெனி பாத்தா தொண்டைல இறங்குது? கேட்டிருக்கலாமேம்மா என்கிட்டயே.”

“கேட்டேன். நாய்னு சொன்னீங்க.”

அவர் வண்டியின் கண்ணாடியிடம் சொல்வதுபோல் சொன்னார். “அம்மா இந்த வீட்லதான் போனாங்க. நான் லோடு ஏத்திட்டு வெளியூர் போயிருந்தேன். அம்மா பக்கத்தை விட்டு நகராம பதினோரு தடவை போன் போட்டேன், போகலைன்னான் எங்கண்ணன். மறுநாள் காலைல நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. முகத்தைப் பாக்கல. பதினோரு தடவை போட்டிருந்தா என் போன்ல ஒரு மிஸ்டு காலாவது இருக்கணுமா இல்லையா? ஒண்ணு இல்ல. வாய் கூசாம பொய் சொன்னான். அன்னிக்கு விட்டது.”

பேசினால் சரியாகப் பேச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“அவரு அப்ப எந்த சிம்முண்ணே?”

“இன்னிக்கு வரைக்கும் நீலம்தான். ஏன்?”

“போடறவங்க பக்கம் சிக்னல் இல்லைன்னா, உங்க போனுக்கு எதுவுமே வராதுண்ணே. மிஸ்டு காலும் வராது. நூறு தடவை போட்டாலும் அந்தப் போனுக்குள்ளயேதான் நிக்கும்.”

ரிவர்ஸ் அண்ணன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்த மூன்று போன்களையும் முதுகுக்குப் பின்னால் சுமந்து ஊர் ஊராகச் சுற்றியவர். எங்கே எடுக்கும், எங்கே எடுக்காது என்று தெருத் தெருவாகச் சொல்லக்கூடியவர்.

“அவன் போனைக் காட்ட வந்தான்” என்றார். “நான்தான் பாக்கல.”

பிறகு, “ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் இங்க இப்படித்தான் இருந்திருக்குமா?”

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. “தெரியாதுண்ணே. நான் அளந்தது இன்னிக்கு. அந்தத் தகரச் சுவர் அப்பவும் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப டவரும் இதைவிடக் குறைச்சல்.”

அவள் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. “நான் நடந்து எடுத்தது கணக்குல வராதுண்ணே. வண்டியில பூட்டி ஓட்டினாத்தான் அறிக்கைல சேர்க்க முடியும். இல்லைன்னா நீலம்தான் ஜெயிக்கும். நாளைக்கு ஆம்புலன்ஸ் இந்தத் தெருவுக்கு வந்தா, உள்ள இருக்கிறவங்களோட துடிப்பு ஆஸ்பத்திரிக்குப் போகாது.”

“வேற டிரைவரைக் கூப்பிடேன்.”

“கூப்பிடலாம். நேத்தே கூப்பிட்டிருக்கலாம்” என்றாள். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நீங்க போங்கண்ணே.”

வலதுபக்க இண்டிகேட்டர் டிக் டிக் என்று வெகுநேரம் அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் வண்டி திரும்பியது.

அந்த கேட்டுக்கு முன்னால், லுங்கியோடு ஒருவர் தெருவில் இறங்கி நின்றிருந்தார். அண்ணன்தான், அதே மூக்கு. வண்டி அவரைத் தாண்டிப் போகும் என்றுதான் அவள் நினைத்தாள். போகவில்லை.

“முனைல நாலு நாளா நின்னியே, பெட்ரோல் என்ன ஓசியா?” என்றார் அந்த மனிதர்.

“கம்பெனி வண்டி” என்றார் ரிவர்ஸ் அண்ணன், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி.

“இறங்குடா.”

அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். அண்ணி ஒரு டம்ளர் தண்ணீரை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு உள்ளே ஓடினாள். பின்சீட்டில் மூன்று போன்களும் கடமையைச் செய்துகொண்டிருந்தன.

சாயங்காலம் நீலம் 97.1, ஆரஞ்சு 97.9. பிளான் பத்தியில் ஆரஞ்சின் குறையையும் எழுதினாள். அந்த ஆறு வரிக் கடிதத்தை அழித்தாள். நீலத்தின் வரைபடத்தில், தெருவின் நடுவில், ஒரே வீட்டு வாசலில் ஆயிரத்துக்கும் மேல் சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. நிற்கிற வண்டியின் புள்ளிகளை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. நீக்கினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மூலப் பதிவு மூன்று கம்பெனிக்கும் போகும். அதுவும் விதி. மூன்றாம் நாள் நீல டைக்காரன் போன் செய்தான். குரலில் தேன்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. எல்லாத் தெருவுலயும் நிக்காம ஓடின வண்டி, எங்களுக்கு எடுக்காத அந்த ஒரே தெருவுல மட்டும் இருபத்து மூணு நிமிஷம் நின்னிருக்கு. யாரைப் பாக்க நின்னுச்சு? ஆரஞ்சுக்காரங்க யாராவது வந்தாங்களா?”

ஜன்னலுக்கு வெளியே ரிவர்ஸ் அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் போனில் பேசவே வராது. ஆனால் இதற்குப் பதில் தெரியும்.

“இல்ல சார்” என்றாள். “டிரைவர் அவங்க வீட்டுக்குப் போயிருந்தாரு.”

“வீட்டுக்கா?” என்று மறுமுனையில் அவன் சிரித்தான். நம்பவில்லை என்று தெரிந்தது.