பத்து மணிக்குப் பெருக்கும் நிழல்

கலைக்கூடத்தின் டிக்கெட் கவுண்டரில் போய்க் காவலாளியின் மகள் தன் நிழலைத் திருப்பிக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று வீட்டில் ஏழு வருடமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். கவுண்டர்க்காரர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். "நிழலுக்கெல்லாம் இங்க ரசீது போட்டதில்லையேம்மா. உள்ளதான் அப்பா இருக்காரு, கேட்டுப் பாரு" என்றார்.

நிழல் அங்கே போனது சுவரோடு. காட்சிக்கு வைக்கக் குடும்பம் புழங்கிய சுவர் ஒன்று வேண்டுமென்று தெருத்தெருவாக அலைந்த ஒரு சிற்பி, இவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரை எண்ணெய்க் கறையோடும் ஆணியோடும் அறுத்தெடுத்து லாரியில் ஏற்றினார். அதே வாரம் புதுச் சுவர் எழும்பியது. வேலையில்லாமல் இருந்த அப்பாவுக்குக் கலைக்கூடத்தில் காவலாளி உத்தியோகமும் கிடைத்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, யாரும் நிற்காத வெள்ளைக் கூடத்தில், அந்தச் சுவர்மேல் இரண்டு நிழல்கள் வந்தன. ஒன்று அடுப்பில் கிளறியது, ஒன்று தரையைப் பெருக்கியது. பதினோரு மணிக்குப் போய்விட்டன. அன்றிலிருந்து அம்மாவுக்கும் மகளுக்கும் வேறெங்கும் நிழல் விழவில்லை. "உங்க பின்னாடி வெயிலுக்கு ஒதுங்கக்கூட முடியலையே" என்று பக்கத்து வீட்டுத் தையற்காரர் சிரித்தார். அடுத்த மாதம் குழாயில் தண்ணீர் நின்றது. தெரு இதை மறந்துவிட்டது.

அப்பா மறக்கவில்லை. பத்திலிருந்து பதினொன்றுவரை அம்மா அடுப்படியிலும் மகள் துடைப்பத்தோடும் இருந்தாக வேண்டும், ஒருத்தி நகர்ந்தாலும் சுவர் காலியாகிவிடும், தன் வேலை போய்விடும் என்றார். வீட்டு ஆட்கள் வந்து பார்த்தால் படம் கலைந்துவிடும் என்றும் சொல்லி வைத்தார். ஆகவே அவள் கல்லூரிக்குப் போகாமல் தபாலில் படித்தாள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டம் தபால்காரர் கையால் வந்தது. வாங்கும்போது அவள் கையில் துடைப்பம் இருந்தது. பெருக்கிப் பெருக்கித் தரையில் பெருக்க ஒன்றுமே இல்லாமல் போயிற்று. வெளியூரில் இரண்டு முறை வேலைக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு முறையும் அப்பா கும்பிட்டார், அவள் போகவில்லை. மூன்றாவது கடிதம் வந்தபோது அப்பாவிடம் காட்டவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூடத்துக்குள் நுழைந்தபோது, சுவரில் தன் இடம் வெறுமையாக இருக்கும், அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள். பத்துப் பதினைந்து பேர் பார்க்க, சுவரில் அவள் நிழல் பெருக்கிக்கொண்டிருந்தது. நாலு வருடத்துக்கு முன் அவள் வெட்டிவிட்ட இரட்டைப் பின்னல் அதன் முதுகில் ஆடியது. அவள் கையை உயர்த்தினாள், அது உயர்த்தவில்லை. குனிந்தபடியே மூலைக்குப் போயிற்று. "எவ்வளவு நிம்மதியா இருக்கு பாருங்க" என்று கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி பக்கத்தில் சொன்னார்.

அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். "சத்தம் போடாதடி. ஜனம் பாக்குது."

"நான் இல்லாமலே பெருக்குது. எப்பலேருந்துப்பா?"

அவர் சீருடைப் பித்தானைத் திருகினார். "உனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரில கிடந்தியே, ஒன்பது நாள். அப்பவே ஒருநாள்கூட நிக்கல."

"அஞ்சு வருஷம் ஆச்சு!"

"வீட்டோட இருந்தா நல்லதுன்னுதாம்மா… பொம்பளப் புள்ள, எங்க போயி என்ன கஷ்டப்படுவியோன்னு."

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று நினைத்து இரண்டு பேர் விலகி நின்றார்கள். "என் நிழல் எனக்கு வேணாம், நீங்களே வெச்சுக்குங்க. உங்களுக்கு வேண்டிய பொண்ணு அதுதான். அம்மாகிட்டயும் சொல்லிடுங்க, அடுப்ப அணைச்சிட்டுக் கொஞ்சம் உக்காரட்டும். நீங்க சொல்லலைன்னா நான் போன்ல சொல்லுவேன்."

"எங்கடி போற? சாயங்காலம் பேசிக்கலாம்."

நிழல் வந்தாலும் வராவிட்டாலும் வேலையில் சேருகிறேன் என்று அவள் போன வாரமே எழுதிப் போட்டிருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. கூடத்தைத் தாண்டி, பள்ளிப் பிள்ளைகளின் வரிசையைத் தாண்டி வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. அகலமான படிகளில் நிழலின் ஒரு கறைகூட விழாமல் இறங்கி, பேருந்து நிற்கும் பக்கமாக நடந்தாள்.